மோட்டார்க் காருக்குள் ஒரு மின்னல்

யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இன்னும் ஓடுகின்றன என்று சொன்னால், வெளியூர் நண்பர்கள் அதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே கேட்பதுண்டு. இதில் வேடிக்கை ஏதுமில்லை. 1948 ஆம் ஆண்டிலே இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் அலெக் இசிகோனிஸ் என்பாரின் படைப்பாக வெளிவந்த மொறிஸ் மைனர், பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயரைப் பெற்றது. இங்கே அது அதிபர்மாருக்கும் வைத்தியர்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் உறவாகிவிட்டது. தந்தையார் வாங்கியதை மைந்தர் ஓட்டினர். மைந்தர் கடல்கடந்து போனபின் கார் மட்டும் கொட்டிலிலே காவல் இருந்தது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களைப் பொறுத்தமட்டில் அத்தடை 2025 இன் தொடக்கத்திலேதான் நீங்கியது. அவ்விடைக்காலத்திலே கொட்டிலில் உறங்கிய கிழவர்கள் பலர் தூசு துடைத்து எழுப்பப்பட்டனர்.

எழுப்பியவர்கள் அத்துடன் அமைந்தார்களில்லை. கிழவருக்குப் புதிய அணிகலன்களும் பூட்டினர். மங்கல் விளக்கைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. விளக்கு, கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் சிறு பெட்டி, பொயின்ற் என்று கராச்காரர் வழங்கும் தொடுகைகளை அகற்றிவிட்டு இலத்திரனியல் மூட்டற் கருவி, டைனமோ இருந்த இடத்திலே ஜப்பானியக் கார் ஒன்றின் ஒல்ரனேற்றர். இவற்றுள் எது, எந்த நாளில், எந்தச் சந்தியில் உயிர்விடும் என்று சொல்ல முடியவில்லை என்பதே அண்மைக்காலமாக நான் கேட்டுவரும் முறைப்பாடு. பௌதிகவியல் கற்பித்து இளைப்பாறியவன் என்பதால், பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை அழைக்கும் அயலவர் சிலர் உளர். அவர்களிற் பாதிப்பேர் பழைய காரைத் திட்டுகின்றனர். மற்றைப் பாதிப்பேர் புதிய பொருளைத் திட்டுகின்றனர். நான் பார்த்தவரையில் இரண்டிலும் குற்றம் மிகக் குறைவு. பழைய கார் தனக்குள்ளே ஓயாது சிறு மின்னல்களை வெட்டிக்கொண்டிருப்பது. அஃது அதன் பிறவிக் குணம். மின்னலைத் தாங்காத விருந்தாளியை அந்த வீட்டுக்கு அழைத்தவர்கள், வீட்டின் குணத்தை விசாரியாமல் அழைத்ததுதான் தொல்லை.

அம்மின்னல் யாதென்று முதலிற் பார்ப்போம். கம்பிச் சுருளொன்றினூடாக மின்னோட்டம் பாயும்போது, அது தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தைக் கட்டி எழுப்புகின்றது. ஓட்டத்தைச் சடுதியாக வெட்டினால் அப்புலம் சரிந்து விழும். விழும் புலம் அதே சுருளில் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டும். பாரமேற்றிய மாட்டு வண்டி இறக்கத்திலே விரைந்து வரும்போது நுகக்காலைப் பிடித்து ஒரேயடியாக நிறுத்தப் பார்த்தவனுக்கு என்ன நேருமோ, அதுவே சுற்றை முறிக்கும் ஆளிக்கும் நேர்கின்றது. மைக்கேல் பரடே 1831 இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். அமெரிக்க ஆசிரியரான யோசேப் ஹென்றி, நீண்ட கம்பியுள்ள சுற்றை முறிக்கும் இடத்திலே பெரும் பொறி எழுவதைக் கண்டு 1832 இல் எழுதினார். சுயதூண்டலை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

வகுப்பிலே இதனைக் காட்டுதற்கு என்னிடம் எளியதோர் உபாயம் இருந்தது. நியன் குமிழ் எரிவதற்கு எண்பது வோல்ற்று வரையில் வேண்டும். இரும்பு அகணியுள்ள பெரிய சுருள் ஒன்றுக்குக் குறுக்கே அக்குமிழைக் கட்டி, சுருளுக்கு ஆறு வோல்ற்று மட்டும் கொடுப்பேன். குமிழ் வாளாவிருக்கும். ஆளியைத் திறந்த கணத்திலே பளிச்சென்று கண்சிமிட்டும். கொடுக்கும்போது எரியாத விளக்கு, பறிக்கும்போது எரிந்தது ஏன் என்று மாணவர் கேட்பர். அந்தக் கேள்வியை அவர்கள் வாயிலிருந்து வரவழைத்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்த மாதிரித்தான்.

பழைய காரிலே இத்தகைய சுருள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஹோண், காற்றுக் கண்ணாடித் துடைப்பானின் மோட்டார், டைனமோவின் புலச்சுருள், ஸ்ராற்றரை இயக்கும் சுருள், பின்னாளிற் சேர்த்த ரிலேக்கள், டிக் டிக் என்று ஒலிக்கும் எஸ்.யு. எரிபொருட் பம்பி. மொறிஸ் மைனரின் சாவியைத் திருப்பியதும் முதலிற் கேட்பது இப்பம்பியின் ஒலியே. ஒவ்வொரு டிக்கும் சுற்றொன்று முறிவதன் அடையாளம். ஓர் அம்பியரில் ஆறிலொரு பங்கு ஓட்டத்தை மட்டும் வாங்கும் சிறிய ரிலேச் சுருள்கூட, பாதுகாப்பின்றி வெட்டப்பட்டால் சில நூறு வோல்ற்று வரை எம்பும். அது நிலைப்பது ஆயிரத்திலொரு செக்கனோ அதனினும் குறைவோதான்; பன்னிரண்டு வோல்ற்றுக்கென்று செய்த குறைகடத்தியைத் துளைத்துவிட அவ்வளவு நேரமே போதும்.

இவையனைத்துக்கும் அரசனாக வீற்றிருப்பது மூட்டற் கொயில். இங்கேதான் இந்த விடயத்தின் சுவையே இருக்கின்றது என்பது என் எண்ணம். மற்றைச் சுருள்களிலே நாம் வேண்டாதிருக்கும் அந்தக் கணநேர எழுச்சியை, மூட்டற் கொயில் வேண்டியே உண்டாக்குகின்றது. பெற்றோல் இயந்திரம் உயிர்வாழ்வதே அதனால்தான். கொயிலின் முதற்சுருளிலே நாலு அம்பியரளவில் ஓட்டம் பாயும். டிஸ்ரிபியூட்டருக்குள் சுழலும் முனைத்தண்டு பொயின்றைத் திறக்கும். புலம் சரியும். முதற்சுருளிலே இருநூறு முந்நூறு வோல்ற்று எழும். பல்லாயிரஞ் சுற்றுக்கள் கொண்ட துணைச்சுருளில் அது பத்தாயிரம் வோல்ற்றையும் தாண்டி, பொறிச் செருகியின் இடைவெளியிலே பாயும். நாலு உருளை இயந்திரம் நிமிடத்துக்கு மூவாயிரம் முறை சுழலும்போது, செக்கனுக்கு நூறு தடவை இது நடைபெறுகின்றது. சார்ள்ஸ் கெற்றறிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் முயற்சியால் 1912 ஆம் ஆண்டுக் கடிலக் கார் மின் ஸ்ராற்றர், மின் விளக்கு, கொயில் மூட்டல் மூன்றையும் ஒருங்கே பெற்று வந்தது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துப் பெற்றோல் கார்களுட் பெரும்பாலானவை இந்த முறையையே கைக்கொண்டன.

பொயின்றுக்குக் குறுக்கே சிறுவிரற் பருமனிலே ஒரு தகரக் குழாய் பூட்டியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். கொண்டென்சர் என்று கடையிற் கேட்டு வாங்குவது அதனையே. அதன் கொள்ளளவம் ஒரு மைக்குரோபரட்டில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. பொயின்ற் திறக்கும் கணத்தில் எழும் வேகத்தை அது தன்னுள் வாங்கிக்கொள்கின்றது. தொடுகைகளுக்கிடையே பொறி பாய்ந்து அவை கருகாமற் காக்கின்றது. ஓட்டம் சட்டென்று வெட்டப்படுவதற்கும் அதுவே துணை. கொண்டென்சர் செத்த காரிலே பொயின்ற் கருகும், பொறி மெலியும், இயந்திரம் இருமும். ஆகவே, மின்னழுத்த எழுச்சிக்குக் காப்பு என்பது நம் காலத்துப் புதுமையன்று. அன்றைய பொறியியலாளர் அதனை நன்கு அறிந்திருந்தனர். தாங்கள் காக்கவேண்டியதைக் காத்தனர். அவர்கள் காக்கவேண்டியிருந்தது ஒரு சோடி உலோகத் தொடுகைகளை மட்டுமே. திரான்சிஸ்ரரை அன்று.

லூக்காஸ் கம்பனியின் டைனமோவும், ஆர்.பி. 106 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும் இக்குணத்துக்கு ஏற்ற இணை. சி 40 இனத்து டைனமோ இருபத்திரண்டு அம்பியருக்கு மேல் தராது. கட்டவுட் என்று கராச்களில் வழங்கும் அந்தப் பெட்டிக்குள் இரண்டு சிறு சுருள்கள் உள. ஒன்று, டைனமோவின் அழுத்தம் பதின்மூன்று வோல்ற்றை அண்மித்ததும் பற்றரியுடன் இணைத்துவிடும். டைனமோ ஓய்ந்ததும் பிரித்துவிடும். மற்றையது, அழுத்தம் மிகும்போதெல்லாம் தொடுகையைத் திறந்து, புலச்சுருளின் வழியிலே ஒரு தடையைப் புகுத்தும், குறைந்ததும் மூடும். இவ்வாறு செக்கனுக்குப் பல பத்துத் தடவை நடுங்கி நடுங்கியே அது நிதானத்தைக் காக்கின்றது. பற்றரி தொடுக்காத நிலையிலே அப்பெட்டி காக்கும் அழுத்தம் பதினாறு வோல்ற்றளவு. இதிலிருந்து வரும் மின்னோட்டம் மழைக்கால ஒழுங்கை போலக் குண்டும் குழியுமானது. ஆயின் அதில் நடந்தவர்கள் யார்? தடித்த இழை விளக்கு, ஹோண், துடைப்பான் மோட்டார். ஒருவருக்கும் கால் நோகவில்லை.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலத்திலே யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துபோலாயிற்று. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கத்துக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி, சூடேறியபின் மண்ணெண்ணெயைக் குடிக்கக் கொடுத்ததை அக்காலத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். பற்றரியும் தடைப்பட்டியலிலே இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. நொந்த பற்றரியுடனும், பற்றரி என்று பெயர் சொல்லத்தகாத பெட்டியுடனும் கார்கள் தள்ளித் தொடக்கி ஓட்டப்பட்டன. டைனமோவின் இரும்பிலே எஞ்சிநிற்கும் காந்தம் அதற்குத் தானாகவே எழும் வல்லமையைத் தருவது. ஆதலால் அது பற்றரியை அவ்வளவாக எதிர்பார்த்து நிற்பதில்லை. அக்கார்கள் அந்நாட்களைக் கடந்து வந்தமைக்கு மெக்கானிக்குமாரின் கைத்திறனை எல்லோரும் புகழ்வர், புகழத்தக்கதே. அதனோடு, மின்னழுத்த எழுச்சியாற் சாகக்கூடிய பொருள் ஒன்றுதானும் அவற்றுள் இல்லாதிருந்ததையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

அந்தக் காலம் தந்த பழக்கங்களுள் ஒன்று இன்று நஞ்சாகியிருக்கின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் பற்றரியின் கம்பியைக் கழற்றிப் பார்ப்பதைத்தான் சொல்கின்றேன். என் அயலில் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் வசிக்கின்றார். அவருடைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கு, கனடாவிலிருக்கும் மகன் இலத்திரனியல் மூட்டற் கருவி ஒன்றை அனுப்பியிருந்தான். ஒல்ரனேற்றரும் ஏற்கெனவே பூட்டியாயிற்று. ஒருநாள் மின்னேற்றம் போதவில்லை என்ற ஐயத்தோடு காரைத் தெருவோரக் கராச் ஒன்றுக்குக் கொண்டு சென்றார். நானும் துணைக்குப் போயிருந்தேன்.

"ஐயா, எஞ்சினை ஓடவிட்டிட்டு வயரைக் கழட்டிப் பாப்பம். நிண்டால் சார்ஜ் இல்லை, நிக்காமல் ஓடினால் சார்ஜ் இருக்கு," என்றார் கராச்காரர்.

"தம்பி, கொஞ்சம் பொறும்," என்று தபாலதிபர் சொல்லி முடிப்பதற்குள் கம்பி கழன்றுவிட்டது. கார் உடனே நின்றது. சார்ஜ் இல்லை என்று கராச்காரர் தீர்ப்புக் கூறினார். உண்மையில் சார்ஜ் தாராளமாக இருந்தது. அந்தத் தாராளமே மூட்டற் கருவியைக் கொன்றுவிட்டது. கம்பியை மீண்டும் பூட்டியும் கார் எழவில்லை. பழைய பொயின்றையும் கொண்டென்சரையும் தேடியெடுத்துப் பூட்டியபின்னரே நாங்கள் வீடு திரும்பினோம்.

நடந்தது இதுதான். ஒல்ரனேற்றரின் சுழலும் புலச்சுருள் பெரியதொரு காந்தக் களஞ்சியம். சோர்ந்த பற்றரிக்கு முப்பது நாற்பது அம்பியரை ஊட்டிக்கொண்டிருக்கும்போது, அவ்வழியைச் சடுதியிலே அறுத்தால், அந்தக் களஞ்சியம் ஒரு நொடியில் வற்றாது. போக்கிடம் இழந்த ஓட்டம் அழுத்தமாக மாறி எம்பும். மோட்டார் வாகன மின்னியலுக்கென வகுக்கப்பட்ட 16750 ஆம் இலக்கச் சர்வதேச நியமம், காப்பில்லாத பன்னிரண்டு வோல்ற்றுத் தொகுதியிலே இவ்வெழுச்சி 79 தொடக்கம் 101 வோல்ற்று வரை செல்லுமெனவும், செக்கனில் 0.4 பங்கு வரை நீடிக்குமெனவும் கொண்டு சோதனைகளை விதிக்கின்றது. ரிலேயின் எழுச்சி ஊசிக்குத்துப் போன்றது, இதுவோ உலக்கையடி. டைனமோ இருந்த காலத்திலே அதே சோதனையைச் செய்தால், பெரும்பாலும் விளக்கு ஒருமுறை பிரகாசிப்பதோடு முடிந்துபோகும். கை பழகிய சோதனை அப்படியே நின்றுவிட்டது, கார் மாறிவிட்டது. மின்னேற்றத்தை அறிவதற்கு ஒரு மல்ரிமீற்றரும் அரை நிமிடமும் போதும்: ஒல்ரனேற்றர் பூட்டிய காரிலே, இயந்திரம் ஓடும்போது பற்றரியின் முனைகளிற் பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் இடையிலே வோல்ற்று நின்றால் ஏற்றம் நலம்.

கராச்காரர் வேண்டுமென்று கழற்றியதை அதிர்வும் பாசியும் தாமாகவே செய்வதுண்டு. பற்றரி முனையிலே பச்சையும் வெள்ளையுமாய்ப் படரும் உப்பு, இறுகாத பூட்டாணி, உள்ளே கம்பியிழைகள் அறுந்து உறைமட்டும் அழகாயிருக்கும் வடம், இவையெல்லாம் பள்ளத்திலே கார் விழுந்தெழும்போது பற்றரியைக் கணநேரம் பிரித்துவிடும். ஆகவே மின்னழுத்த எழுச்சிக்குக் காப்பு எதுவென்று என்னைக் கேட்பவர்களுக்கு, கடையிலே வாங்கும் பொருளெதையும் நான் முதலிற் சொல்வதில்லை. பற்றரியைப் பாருங்கள் என்பேன்.

பற்றரியை மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டி என்று மட்டும் எண்ணுவது குறைப்பட்ட எண்ணம். வன்னியிலே குளம் செய்யும் வேலையைக் காரிலே பற்றரி செய்கின்றது. மாரியிலே காட்டாறு திடீரென்று பெருகி வந்தாலும் குளம் அதனை ஏந்திக்கொள்ளும், வாய்க்காலில் விரலளவு நீரே உயரும், வயலுக்குச் சேதமில்லை. நல்ல பற்றரியின் உட்தடை ஓர் ஓமில் நூற்றிலொரு பங்களவிலேயே உள்ளது. பத்து அம்பியர் திடீரென்று வந்து புகுந்தாலும் வோல்ற்றிற் பத்திலொரு பங்குதான் ஏறும். தட்டுகளிலே கந்தகேற்றுப் படிந்து மூப்படைந்த பற்றரி, தூர்ந்த குளம். அதில் நீர் நிற்காது. வெள்ளம் நேரே வயலுக்குத்தான். பற்றரியை ஓரிரவு ஓயவிட்டு மறுநாட் காலை அளக்கையில் 12.6 வோல்ற்றளவு காட்டவேண்டும். மின்னேற்றியும் 12.2 ஐத் தாண்டாத பற்றரியோடு ஆயிரக்கணக்கில் விலைகொடுத்த இலத்திரனியலைக் கட்டி ஓட்டுவது வீண் துணிச்சல்.

குளம் நன்றாயிருந்தாலும் வாய்க்கால் அடைபட்டிருந்தாற் பயனில்லை. மொறிஸ் மைனரின் இயந்திரம் இறப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பது. இறப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலின் இயந்திரத்தையும் காரின் உடலையும் இணைப்பதற்குப் பின்னல் வடம் ஒன்று உண்டு. சேறும் எண்ணெயும் படியும் இடத்திலே அது தொங்குவதால் பலர் அதனைக் கண்டதேயில்லை. அது அறுந்துபோனால் மின்னோட்டம் வேறு வழி தேடி, சோக்குக் கம்பி வழியாகவும் ஓடும். ஸ்ராற்றரை இயக்கும்போது சோக்குக் குமிழ் கையைச் சுட்டால், அறுந்தது எதுவென்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை. சோதனை எளிது: மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் புவிமுனையிலும் மற்றதை இயந்திரத்தின் வெற்று இரும்பிலும் வைத்து, ஸ்ராற்றரைச் சுழற்றுக. அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால், இடையிலுள்ள மூட்டுகளைக் கழற்றி, உரஞ்சி, இறுக்கிப் பூட்டவேண்டும்.

உருகி இருக்கின்றதே, அது காக்காதா என்று கேட்பவர் பலர். காக்காது. உருகி என்பது கம்பி தீப்பற்றாமல் இருத்தற்கு உள்ளது. அது சூடேறி உருகவேண்டும். அதற்கு நேரம் வேண்டும். ஊசிபோல வந்து மறையும் எழுச்சி, உருகி கண்விழிக்கு முன்னரே உள்ளே போய்த் தன் காரியத்தை முடித்துவிடும். முப்பத்தைந்து அம்பியர் உருகிக்குப் பின்னால் இருபது மில்லியம்பியர் வாங்கும் சில்லொன்றை வைத்துவிட்டு நிம்மதியாயிருப்பது, கோட்டை வாசலிற் காவல் வைத்துவிட்டு நுளம்புக்குப் பயமில்லை என்று படுப்பது போன்றது.

ஊசிக்குத்துகளை அவை பிறக்கும் இடத்திலேயே அடக்கலாம். அதற்கு வேண்டியது இருவாயி ஒன்று. கடையில் டயோட் என்று கேட்டால் தருவார்கள். ஓர் அம்பியர் ஓட்டத்தையும் ஆயிரம் வோல்ற்று எதிரழுத்தத்தையும் தாங்கும் சாதாரண இருவாயி, வானொலி திருத்தும் கடைகளிலே ஒரு தேநீரின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். ரிலேச் சுருளுக்குக் குறுக்கே அதனைத் தலைகீழாகப் பூட்டவேண்டும். சாதாரண வேளையில் அது வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். சுற்று முறிந்து எழுச்சி கிளம்பியதும், எழுச்சியின் திசை எதிரானதாகையால், இருவாயி வழிவிடும். ஓட்டம் அந்தச் சுருளுக்குள்ளேயே வட்டமடித்து அடங்கும். சில நூறு வோல்ற்றாக எம்பியிருக்கவேண்டியது ஒரு வோல்ற்றைத் தாண்டாது. ரிலே விடுபடுவதற்கு இம்மியளவு தாமதிக்கும். காரிலே அது பொருட்டன்று.

இங்கே பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்போர் கவனிக்கவேண்டிய பொறி ஒன்று உண்டு. இக்காலத்துக் கார்களிலே பற்றரியின் மறைமுனை உடலோடு இணைந்திருக்கும். 1950 களின் மொறிஸ், ஒஸ்ரின் முதலியவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்தது. புதிய காருக்கென்று எழுதிய படத்தைப் பார்த்து அப்படியே பூட்டினால், இருவாயி நேரே குறுஞ்சுற்றாகிப் புகையும். விதி ஒன்றே: இருவாயியின் வெள்ளைக் கோடிட்ட முனை, இரண்டு கம்பிகளுள் எது நேரோ அதனோடு சேரவேண்டும். நேர்முனை உடலில் உள்ள காரிலே கோடு காரின் உடலை நோக்கியிருக்கும். மறைமுனை உடலில் உள்ள காரிலே கோடு ஆளியிலிருந்து வரும் கம்பியை நோக்கியிருக்கும். எஸ்.யு. பம்பியிலும் பிற்காலத்தன சிலவற்றில் பொறி தணிப்பதற்கு உள்ளேயே இருவாயி வைத்துள்ளனர். அத்தகைய பம்பியை முனைமாற்றிப் பூட்டலாகாது. முற்பட்ட பம்பிகளுக்கு இந்தக் கவலையில்லை. மூட்டற் கொயிலின் பொயின்றுக்குக் குறுக்கே மட்டும் எவரும் இருவாயி பூட்டவேண்டாம். அங்கே எழுச்சியை அடக்கினால் பொறியும் அடங்கிவிடும், கார் ஓடாது. அவ்விடத்துக்குக் கொண்டென்சரே உரியது.

புதிய கருவிகளுக்காகக் காரை மறைமுனைப் புவியாக மாற்றுவோரும் உளர். செய்யலாம், கடினமன்று. பற்றரியைத் திருப்பி, கொயிலின் இரு சிறு கம்பிகளையும் அம்பியர்மானியின் கம்பிகளையும் இடம் மாற்றவேண்டும். டைனமோவைத் தொடர்ந்து வைத்திருப்பின், அதன் இரும்பில் எஞ்சிய காந்தத்தையும் திருப்பவேண்டும்: அதன் இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, பற்றரியின் உடலோடு சேராத முனையிலிருந்து வரும் கம்பியொன்றால் எவ் என்று குறித்த சிறிய முனையை இரண்டு மூன்று தரம் தொட்டு எடுத்தாற் போதும். இதனைச் செய்யாது இயந்திரத்தைத் தொடக்கினால், டைனமோ தலைகீழாக மின் பிறப்பிக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் தொடுகைகள் ஒட்டிப்போகும்.

ஊசிக்குத்துக்கு இருவாயி, உலக்கையடிக்கு என்ன செய்வது? வன்னிக் குளத்துக்கே மீண்டும் வருவோம். குளம் நிறைந்து கட்டை உடைக்கும் நிலை வருமுன், நீர் வான் பாய்ந்து வெளியேறுவதற்கு வழி வைத்திருக்கின்றார்கள் அன்றோ? அத்தகைய வான் ஒன்று மின்சுற்றுக்கும் உண்டு. எழுச்சித் தணிப்பு இருவாயி என்று அதனைச் சொல்லலாம். பன்னிரண்டு வோல்ற்றுக் காருக்கு ஏற்றது, இருபத்துநாலு வோல்ற்று வரை ஒன்றும் அறியாததுபோலிருந்து, இருபத்தேழை அண்டி விழித்து, எழுச்சியின் உச்சத்திலும் நாற்பதுக்கு மேலே அழுத்தம் ஏறாமல் மிகுதியை உடலுக்குக் கடத்திவிடும். காக்கவேண்டிய கருவிக்கு அருகிலேயே, குறுகிய கம்பிகளால் அதனைத் தொடுக்கவேண்டும். முழ நீளக் கம்பியிலே தொங்கவிட்டால் அக்கம்பியே இன்னொரு சுருளாகிப் பயனைக் கெடுக்கும். அரிசிமணியளவில் விற்கப்படுவன ரிலேக்களின் குத்தைத் தாங்குமேயன்றி, ஒல்ரனேற்றரின் உலக்கையைத் தாங்கா. அதற்கென்றே பெரியவை உள. புதிய கார்களின் ஒல்ரனேற்றர்களிலே சீராக்கும் இருவாயிகளே இந்த வேலையையும் செய்யுமாறு அமைக்கப்பட்டு, முப்பத்தைந்து வோல்ற்றளவிலே எழுச்சியைத் தறித்துவிடுகின்றன. பழைய காருக்கு ஒல்ரனேற்றர் தேடுவோர், எழுபதுகளின் உருப்படிகளைவிட அத்தகைய ஒன்றையே தேடுவது நன்று.

சிகரெட் மூட்டியின் துளையிலே செருகினால் மின்னழுத்தத்தைச் சீராக்கும், விளக்கைப் பிரகாசிப்பிக்கும், எரிபொருளையும் மிச்சம் பிடிக்கும் என்று சொல்லிச் சில பெட்டிகள் விற்கப்படுகின்றன. நான் உடைத்துப் பார்த்த ஒன்றுக்குள் வண்ண விளக்கு ஒன்றும் சிறு கொள்ளளவி ஒன்றும் இருந்தன. அதை வாங்கும் பணத்துக்குப் புதிய புவிவடம் வாங்கலாம்.

2022 ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது எத்தனையோ கார்கள் மாதக்கணக்காக அசையாமற் கிடந்தன, பற்றரிகள் வற்றின. பெற்றோல் கிடைத்த அன்று, வழியிலே போன லொறியை மறித்து, அதன் பற்றரியிலிருந்து தடித்த இரு கம்பிகளை இழுத்துக் காரை எழுப்பிய காட்சிகளைக் கண்டேன். பெரிய லொறிகளின் மின்தொகுதி இருபத்துநாலு வோல்ற்று. டைனமோக் கார் ஒருவேளை தப்பும். இலத்திரனியல் பூட்டிய கார் தப்புவது அதன் அதிட்டம். லொறியிலே இரண்டு பற்றரிகள் தொடராக இருக்கும். அவற்றுள் உடலோடு இணைந்த ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் பன்னிரண்டுதான் வரும் என்பதையும், காரின் புவிமுனை எதுவென்பதையும் அறிந்தவர் அருகில் இருந்தால் மட்டும் அதனைச் செய்யலாம். எழுந்தபின் கம்பிகளைக் கழற்றுவதற்கு முன் இயந்திரத்தை மெல்ல ஓடவிடவேண்டும். உறுமிக்கொண்டிருக்கும்போது கழற்றினால் முன் சொன்ன உலக்கையே விழும். அவ்வாறே, துருப்பிடித்த தகட்டுக்கு மின் ஒட்டுவேலை செய்யக் கார் போகுமாயின், பற்றரியின் இரு கம்பிகளையும் கழற்றி, இலத்திரனியல் கருவிகளின் இணைப்பையும் பிரித்துவிட்டே கையளிக்கவேண்டும்.

பொயின்றை அகற்றவேண்டுமா என்று கேட்டால், நாளாந்தம் ஓடாத காருக்கு வேண்டாம் என்பதே என் விடை. பொயின்ற் தேய்ந்து தேய்ந்து, இருமி இருமி, அறிவித்துவிட்டே கெடும். சாவகச்சேரியிற் கெட்டாலும் ஓர் உப்புத்தாளால் தேய்த்து வீடு சேரலாம். இலத்திரனியற் கருவி நன்றாயிருக்கும் வரை மிக நன்றாயிருக்கும். கெட்டால் ஒரு சொல்லும் சொல்லாது. வேண்டுவோர் பூட்டட்டும்; பழைய பொயின்றையும் கொண்டென்சரையும் ஒரு திருகாணிச் செலுத்தியையும் துணியிற் சுற்றிக் காரிலேயே வைத்திருக்கட்டும்.

தபாலதிபர் அப்படித்தான் வைத்திருக்கிறார். மகன் இரண்டாவது கருவியையும் அனுப்பிவிட்டான். இம்முறை புதிய பற்றரி, புதிய புவிவடம், ரிலேக்கள் மூன்றுக்கும் இருவாயி, மூட்டற் கருவியின் அருகே பெரியதொரு தணிப்பு இருவாயி எல்லாம் பூட்டியபின்னரே அதனை இணைத்தோம். பற்றரிக்கு அருகே ஒரு துண்டிப்பு ஆளியும் வைத்தோம்; இயந்திரம் நின்றபின் மட்டும் திருப்பவேண்டியது அது. பொனற்றின் உட்புறத்திலே அவர் தம் அழகிய தபாற்கந்தோர்க் கையெழுத்தில் மஞ்சள் அட்டை ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறார்: "மறைமுனை உடலில். எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றவேண்டாம், தம்பி."